என் அக்கா ஏன் வட்டச் சபைக்குப் போகிறாள்

1

பெர்த் நகரத்தில் பொங்கல் என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். தமிழர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கத்தில் குளிர்சாதனம் நன்றாக ஓடும் என்பதற்காகவே பாதிப் பேர் விழாவுக்கு வருவார்கள். இந்த வருடம் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துவிட்டது. அந்தக் கடுப்பில் உட்கார்ந்திருந்த என்னிடம், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு பெரிய மனிதர் வந்து தன் கைப்பேசியை நீட்டினார்.

"இது உங்க அக்காதானேங்க?"

அக்காதான். எடப்பாடியில் ஓடாமல் கிடக்கும் ஒரு தறிக் கொட்டகை. தரையில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு. சரசு அக்கா எழுந்து நின்று பேசுகிறாள். "நா சரஸ்வதி. இந்த வாரம் பூரா எனக்குக் கோவமா இருந்துச்சு. ஏன்னு சொல்றேன்." அவ்வளவுதான் அந்தக் காணொளித் துண்டில் இருந்தது. அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டு வைத்திருந்தார்கள்.

"படிச்ச குடும்பம் நீங்க. இந்த மாதிரிக் கூட்டத்துல எல்லாம் மூளைச்சலவை பண்ணிருவாங்க, பாத்துக்கங்க" என்றார் பெரிய மனிதர்.

"எங்கக்காவைச் சலவை பண்ற சோப்பு இன்னும் எந்த நாட்லயும் வரலீங்க" என்றேன். அவர் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளட்டும். அந்தச் சிரிப்புப் பொம்மைகளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து படிக்கிற உங்களில் சிலரும் அதைப் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2

மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடும் தொழில். எங்கள் மூவரில் மூத்தவர். அவர் தானாகக் கூப்பிட்டால் யாரோ இறந்திருக்க வேண்டும், இல்லை யாருக்கோ கல்யாணம் முடிவாகியிருக்க வேண்டும்.

கல்யாணம்தான். அக்கா மகன் கார்த்திக்கு ஆனியில் தேதி குறித்திருக்கிறது. பெண் கெங்கவல்லிப் பக்கம். அந்தக் குடும்பமும் அக்கா போகிற இதே வட்டச் சபைதான். அங்கேதான் வந்தது வினை.

"நா முன்ன நின்னு நடத்தறேங்கறேன். நம்மூர்லயே மண்டபம், சீரு, சாப்பாடு எல்லாம் என்ர பொறுப்பு. ரெண்டே ரெண்டுதான் கேட்டேன். அந்தச் சபைய உட்டுப்போடு. மேடைல உன்ர எடத்துல உங்கண்ணி நிக்கட்டும். இதுல என்ன தப்புங்கறே?"

"அக்கா என்ன சொன்னா?"

"கல்யாணம் கொட்டாயில நடக்கும், பையனுக்குப் பக்கத்துல நாந்தான் நிப்பேங்கறா. அப்படி நடந்தா தாய்மாமன்னு நா அந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்கமாட்டேன். நீ சொன்னாக் கேப்பா. சொல்லு."

அண்ணன் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீட்டுக்காரர் வடநாட்டில் போர் போடப் போன இடத்தில் வண்டி கவிழ்ந்து இறந்தபோது, அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கார்த்தி இடுப்பில். அன்றிலிருந்து அந்த வீட்டு அரிசி, பையனின் படிப்பு, காய்ச்சல், கண்ணாடி எல்லாம் அண்ணன்தான். ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை. அதனால்தான் அந்தப் பேச்சின் கடைசியில் அவர் குரல் உடைந்தது. "நா அவளுக்கு என்ன கொறை வெச்சேன், சொல்லு?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாம் கொடுத்தீர்கள் அண்ணா, நிற்பதற்கு ஓர் இடம் மட்டும் கொடுக்கவில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் அக்கா பந்தி முடியும்வரை சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை.

நான் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த என் மகள் நிலா கைப்பேசியைப் பிடுங்கினாள். கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ரகம். ஆத்திரம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் அரைகுறையாக.

"மாமா, நீ ஏன் வரமாட்டே? பெரியம்மா உனக்கு என்ன பண்ணா?"

எங்கள் ஊரில் கோழியைக்கூட 'போங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள். தாய்மாமனை நீ, வா, போ என்றால் என்ன ஆகும்? அண்ணன் "புள்ளைய நல்லா வளத்திருக்கறே" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் நிலாவைத் திட்டத்தான் திரும்பினேன். திட்டவில்லை. மரியாதை தெரியாத அந்தக் கேள்வியை மரியாதை தெரிந்த எங்களில் ஒருவர்கூட இத்தனை வருடத்தில் கேட்டதில்லையே என்றிருந்தது.

3

சபைக்கு எதற்குப் போகிறார்கள் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள். அங்கே என்ன கொள்கை? என்ன சாமி? என்ன ஆசை காட்டினார்கள்? அட, கொள்கையைப் பார்த்தா ஆள் போகிறது?

அக்கா விசைத்தறிக்குப் போகிறவள். அந்தச் சத்தத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். பக்கத்துத் தறிக்காரி பேசுவது காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. விசேஷத்துக்குப் போனால் ஓரமாக இரு. இப்படி ஆறு நாள் ஓடுகிற ஒருத்தியை ஏழாம் நாள் ஓர் இடத்தில் உட்கார வைத்து, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, நீ பேசம்மா, முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசமாட்டோம் என்கிறார்கள். வட்டச் சபையின் வழிபாடே அதுதான். வேறு எதுவும் பெரிதாகக் கிடையாது. விளக்கை ஏற்றுவார்கள், ஒவ்வொருவராக அந்த வாரத்தைச் சொல்வார்கள், கும்பிட்டுவிட்டுச் சுண்டல் தின்று வீட்டுக்குப் போவார்கள். விளக்கேற்றும் முறை வாரத்துக்கு ஒருவருக்கு. தாலி இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. முதல் தடவை தன் முறை வந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "தீப்பெட்டியக் கைல குடுத்துட்டாங்க புள்ள. ஏத்தறதுக்குள்ள ரெண்டு குச்சி ஒடஞ்சு போச்சு."

இதை நான் கிண்டல் செய்ய முடியாது. எனக்கே நடந்திருக்கிறது.

பெர்த்துக்கு வந்த புதிதில் என் கணவர் சுரங்கத்தில் துளை போடும் வேலைக்கு வாரக்கணக்கில் போய்விடுவார். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயதானவர்களுக்கு உடம்பு துடைத்து விடுகிற வேலை என்று தெரிந்ததும் விழாக்களில் தமிழ்ப் பெண்கள் பலர் என்னை வேறு மேசையில் உட்கார வைத்தார்கள். நிரந்தர விசாவா, தற்காலிக விசாவா, எந்தப் பேட்டையில் வீடு என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டையே நீட்டுவார்கள். அப்போது இல்லத்தில் இருந்த மார்கரெட் என்ற பாட்டியம்மாள் தன்னைப் பிரார்த்தனைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத சின்னச் சபை. ஒரு பிலிப்பைன்ஸ்காரர், சூடானில் இருந்து வந்த குடும்பம், குடியை விட்ட இரண்டு லாரி ஓட்டுநர்கள். அவர்கள் என்ன நம்பினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழில் சொல்லு என்றார்கள். சொன்னேன். ஒரு வார்த்தை புரியாத அத்தனை பேரும் நான் முடிக்கும்வரை கேட்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அடுத்த வாரமும் போனேன். வருடக்கணக்கில் போனேன்.

பிறகு அதை நடத்தியவர், யாருக்கு ஓட்டுப் போடுவது, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நின்றுவிட்டேன். ஏமாந்து போனாயா என்று கேட்காதீர்கள். ஏமாறவில்லை. எனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டேன், வேண்டாததை வைத்துவிட்டு வந்தேன். கடைக்குப் போகிற பெண் செய்வதைத்தான் நானும் செய்தேன். சாமி விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி பெண்களுக்கு இருக்காது என்று ஏன் நினைக்கிறீர்கள்?

4

லீவு கேட்டால், "அக்கா மகன் நெருங்கிய உறவு ஆகாதே" என்றாள் மேலாளர். அவர்கள் விதியில் பெற்றோர், கணவன், பிள்ளை மட்டும்தான். எங்கள் ஊரில் அக்கா மகன் என்றால் என் மகன்தான் என்று விளக்கினேன். அப்படியானால் முன்பு நிரப்பிய தாளில் ஒரே பிள்ளை என்று ஏன் எழுதினாய் என்கிறாள். சொந்த விடுப்பில் கிளம்பினேன்.

நிலாவுக்கு இந்திய விசா விண்ணப்பிக்கும்போது மதம் என்று ஒரு கட்டம் வந்தது. "என்ன போடட்டும்?" என்றாள். இந்து என்று போடு, எதற்கு வம்பு என்றார் அவள் அப்பா. பெரியம்மா என்ன போடுவார்கள் என்று அவள் கேட்க, பேச்சு வளர்ந்து, கடைசியில் அக்காவையே கூப்பிட்டோம்.

"என்னத்தயோ போடு சாமி. கல்யாணத்துக்கு முன்னால வந்து சேரு. இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும்" என்றாள் அக்கா.

வேறு பக்கத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை முறையுள்ள பெண், கூறைச்சேலையின் ஒரு நுனியைக் கையில் வாங்கிக்கொண்டு அவனோடு இணைந்து நிற்பாள். பொண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்று அர்த்தம். கார்த்திக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. சித்தி மகள் நிலாதான் முறை. ஆனால் அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்துச் சீரை நடத்துவது அருமைக்காரர் என்ற மூத்த தம்பதி. கணவன் இல்லாத பெண் அதைத் தொடக்கூடாது. அண்ணன் வராத கல்யாணத்துக்கு எந்த அருமைக்காரரும் வரப்போவதில்லை. அக்கா இதை எப்படிச் செய்யப் போகிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால், "நீ வா புள்ள, பாத்துக்கலாம்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு நானும் நிலாவும் சபையில் உட்கார்ந்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. ஒரு பெண் தன் மருமகள் பேசாமல் இருப்பதைச் சொன்னாள். டீக்கடைக்காரர் ஒருவர் தனக்கு எழுதப் படிக்கத் தெரியாததைச் சொன்னார். யாரும் புத்தி சொல்லவில்லை. நிலாவின் முறை வந்தபோது, "நான் நிலா. எனக்குத் தமிழ்ல சண்டை போட மட்டும்தான் தெரியும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டு அதற்கும் காத்திருந்தார்கள். மிச்சத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். என்னிடம் ஒருநாளும் அவ்வளவு தமிழ் பேசியதில்லை.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, சபையைத் தொடங்கிய ஐயா மட்டும் நாற்காலியில் இருந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற, மெல்லப் பேசும் மனிதர். முழங்கால் வலி என்றார்கள். பெர்த்தில் சபை நடத்தியவருக்கும் முதலில் முழங்கால் வலிதான் வந்தது, அதிகாரம் அப்புறம்.

5

கல்யாணத்தன்று கொட்டகைக்கு வெளியே வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே தறிகளை ஒரு பக்கமாகத் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா அரக்குப் பட்டில் இருந்தாள். அப்படி ஒரு நிறத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! தலையில் பூ.

சொந்தத்தில் யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தார். கையில் தாய்மாமன் சீர்த் தட்டு. தனியாக.

"அண்ணி! அண்ணனுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம என்ன கண்ணு? காருல கொண்டாந்து முக்குல எறக்கி உட்டதே அவருதான். நா வல்ல, நீ போய்ட்டு வாங்கறாரு. அங்கயேதா உக்காந்திருக்கறாரு, பாரு."

எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. போய்க் கூப்பிடலாம் என்று கால் வைத்தேன். அக்கா தலையாட்டினாள். "வேண்டாம் புள்ள. வரோணும்னா வழி தெரியும்."

வட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அக்கா கார்த்தியை நடுவில் நிறுத்தினாள். கூறைச்சேலையைப் பிரித்தாள். நிலாவைக் கூப்பிட்டாள். அப்போதுதான் ஐயா நாற்காலியில் இருந்து கையை உயர்த்தினார்.

"அம்மா, நம்ம சபையில சீரு, சடங்கு எதுவும் இல்லீங்களே. தாலி எல்லார் கையிலும் சுத்தி வரும், நீங்க எடுத்துக் குடுப்பீங்க. அது போதுங்களே. உங்களை ஒதுக்கி வெச்ச பழக்கம் நமக்கு எதுக்குங்க?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சபைப் பெண்கள் சிலர் தலையாட்டினார்கள். வயதான ஓர் அம்மாள், "சரி, செய்யோணும்னா அண்ணி எடுத்துக் குடுக்கட்டுமே, அவங்க மாங்கல்யத்தோட இருக்கறாங்க" என்று சமாதானமாகச் சொன்னார். எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி தட்டைக் கீழே வைத்தார்.

"நா எதுக்குங்க? பெத்தவ நிக்கயில நா எதுக்கு?" என்றார். வாழ்நாளில் அவர் ஒரு கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஐயாவின் பக்கம் திரும்பினாள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். வெளியே கார்வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயா, என்னைய ஒதுக்குனது இந்தச் சேலை இல்லீங்க. ஆளுங்க. சேலை என்ன பண்ணுச்சு? என்ர கல்யாணத்துல என்ர தங்கச்சி சின்னப் புள்ளயா ஓரமா நின்னு இதைப் பாத்தா. என்ர ஊட்டுக்காரரோட தங்கச்சி சேலை புடிச்சா. அது எனக்கு நெனப்பு இருக்குது, எனக்கு வேணுங்க. எங்க சொந்தக்காரங்க, வேற ஆளு செய்யட்டும், நீ தொடாதேன்னாங்க. நீங்க யாருமே செய்ய வேண்டாங்கறீங்க. ரெண்டு பேருமே என்ர கையத்தானுங்களே புடிக்கறீங்க?"

ஐயா வாயைத் திறந்தார்.

"நா இன்னும் முடிக்கலீங்க" என்றாள் அக்கா.

சபை விதி அதுதானே. முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது. ஐயா வாயை மூடிக்கொண்டார். அக்கா சேலையின் ஒரு நுனியைக் கார்த்தியின் கையில் கொடுத்தாள். மறு நுனியை நிலாவின் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "விட்றாத சாமி" என்றாள். நிலா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா அட்சதையை எடுத்து இருவர் தலையிலும் போட்டாள்.

"இப்ப முடிச்சுட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு மகன் பக்கத்தில் போய் நின்றாள்.

தாலி எல்லார் கையிலும் சுற்றி வந்தது. ஐயாவும் தொட்டுத்தான் கொடுத்தார், முகம் மட்டும் சரியில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே எட்டிப் பார்த்தபோது கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அண்ணி ஒரு இலையில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

6

பெர்த்துக்குத் திரும்பிவிட்டோம். நிலா கல்லூரிக்குப் போகிறாள், வீட்டில் பழையபடி ஆங்கிலம்தான். ஆனால் ஞாயிறு காலையில் பெரியம்மாவைக் கூப்பிட்டு என்னைவிட அதிக நேரம் பேசுகிறாள். அண்ணன் ஒரு தடவை கூப்பிட்டார். ஊர் சிரிக்கிறது என்றார். யார் சிரித்தார்கள் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா, நான் பேசுகிறேன் என்றேன். பெயர் சொல்லவில்லை. கார்த்தியும் மருமகளும் விருந்துக்கு வந்து போனார்கள் என்று மட்டும் கடைசியில் சொன்னார். அக்காவையும் கூப்பிட்டீர்களா என்றேன். "அவளுந்தான் வந்தா" என்று வைத்துவிட்டார்.

ஆனால் அடுத்து வேறொரு சேதி வந்தது. ஐயா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சபை ஒழுங்கை மீறிப் பேசியதற்குச் சரஸ்வதி அம்மா எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்துவிட்டு வரட்டும், அதுவரை வரவேண்டாம் என்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் சொன்னேனே, முழங்கால் வலி! சொந்தத்தைப் பகைத்துக்கொண்டு அவள் பிடித்த இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் மறுபடியும் தறிச் சத்தமும் சமையல்கட்டும்தானே என்று பதறிப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள். இரு புள்ள, வெளிய வாரேன் என்றாள். வந்தாள்.

"அக்கா, கேள்விப்பட்டேன். அப்ப இனிமே சபைக்குப் போமாட்டியா?"

"ஏன், எனக்கென்ன காலு ஒடஞ்சு போச்சா? நேத்துக்கூடப் போனேன். கொட்டாயக் கூட்டி உடறது நாங்க. பாய் விரிக்கறது நாங்க. வெளக்கேத்தறது நாங்க, சுண்டல் வேக வெக்கறது நாங்க" என்றாள் அக்கா. "அவருக்குப் புடிக்கலைன்னா வேற சபை பாத்துக்கச் சொல்லு."